பெயர் முதல்ல, கதை அப்புறம்: ஹூ, விச், தட் பத்தி ஒரு எபிசோட்

இந்த வாரம் புது லேப்டாப் பத்தியோ ஏஐ பத்தியோ பேசப் போறதில்லை. இங்கிலீஷ் கிராமர் பேசப் போறோம். இருங்க, இருங்க, ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஸ்கூல்ல போர்டுல எழுதிப் போட்ட கிராமர் இல்ல இது. டெய்லி ஆபீஸ்ல, கடையில, கால்ல நாம மாட்டிக்கிற ஒரு இடம்.

இதை ஏன் எடுத்தேன்னா, போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவங்க ஃபைனல் இயர் இன்ஜினியரிங் படிக்கிறாங்க. கேம்பஸ் இன்டர்வியூவுல கோடிங் ரவுண்டு நல்லாப் பண்ணிட்டாங்க. அடுத்து ஹெச்ஆர் ரவுண்டுல உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. "அண்ணா, சின்னச் சின்ன வாக்கியம்னா வருது. கொஞ்சம் நீளமா ஆரம்பிச்சா பாதியில அறுந்து போகுது. தமிழ்ல அதே விஷயத்தை ஒரே மூச்சுல சொல்றேன். எனக்கு மூளை ஸ்லோவா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அதே கேள்வியை நானும் என்கிட்ட கேட்டிருக்கேன். பதிலை முதல்லயே சொல்லிடறேன்: மூளை ஸ்லோ இல்ல. அது தமிழ்ல சரியா ஓடுற ஒரு வேலையை இங்கிலீஷ்லயும் அதே வரிசையில ஓட்டப் பார்க்குது. அந்த வரிசை இங்கிலீஷ்ல நேரெதிர். அவ்வளவுதான் பிரச்சினை.

என் கதையைச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம். தினமும் சாயங்காலம் கிளையண்ட் கூட ஸ்டாண்ட்-அப் கால். ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசணும். அன்னிக்கு நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு: "போன வாரம் நீங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்ல இருந்த எரரை ஃபிக்ஸ் பண்ணிட்டேன்." தமிழ்ல சொல்ல நாலு செகண்ட் ஆகுமா? என் வாயிலிருந்து வந்தது இது: "லாஸ்ட் வீக்... யூ சென்ட் நோ... ஸ்க்ரீன்ஷாட்... இன் தட் ஒன் எரர்... தட் ஐ ஃபிக்ஸ்ட்." அந்தப் பக்கம் ஒரு சின்ன அமைதி. அப்புறம் ரொம்ப மரியாதையா, "சாரி, ஹேவ் யூ ஃபிக்ஸ்ட் இட், ஆர் நாட்?" எங்க லீட் நடுவுல வந்து, "ஹி ஃபிக்ஸ்ட் இட்"னு மூணு வார்த்தையில முடிச்சு வெச்சார். ரெண்டு நாள் ராத்திரி முழிச்சுப் பார்த்த வேலை அது. அதைச் சொல்லத் தெரியாததால வேலையே செய்யாத மாதிரி ஆயிடுச்சு.

சரியான வாக்கியம் என்ன? "ஐ ஃபிக்ஸ்ட் தி எரர் தட் வாஸ் இன் தி ஸ்க்ரீன்ஷாட் யூ சென்ட் லாஸ்ட் வீக்."

இப்ப ஒரு வேடிக்கை பாருங்க. தமிழ் வாக்கியத்துல முக்கியமான துண்டுகளுக்கு நம்பர் போடுவோம். போன வாரம் 1, அனுப்பின 2, ஸ்க்ரீன்ஷாட் 3, இருந்த 4, எரர் 5, ஃபிக்ஸ் பண்ணிட்டேன் 6. இங்கிலீஷ்ல வர்ற வரிசை? ஃபிக்ஸ்ட் 6, எரர் 5, வாஸ் 4, ஸ்க்ரீன்ஷாட் 3, சென்ட் 2, லாஸ்ட் வீக் 1. கண்ணாடியில பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ். நான் அன்னிக்கு என்ன செஞ்சேன்? 1-லேர்ந்து ஆரம்பிச்சேன். 1-ல ஆரம்பிச்சா இங்கிலீஷ்ல 2-க்குப் போக வழியே இல்ல. அதான் "யூ சென்ட் நோ"னு பாலம் போட்டுப் பார்த்தேன். அந்த "நோ" வேற ஒண்ணும் இல்ல, நம்ம "அனுப்பினீங்கல்ல"ல வர்ற "ல்ல"தான்.

இதுக்குத் தமிழ் இலக்கணத்துல ஒரு பேர் இருக்கு, ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க: பெயரெச்சம். "அனுப்பின", "இருந்த", "வந்த", "உடைஞ்ச" மாதிரி பாதியில நிக்கிற வினை. அடுத்து ஒரு பெயர் வந்தாத்தான் அது முழுசாகும். அதாவது தமிழ்ல விவரம் முதல்ல, பெயர் கடைசியில. இங்கிலீஷ்ல பெயர் முதல்ல, விவரம் அப்புறம். அந்த ரெண்டையும் ஒட்டுற கோந்துதான் ஹூ, விச், தட் எல்லாம். இந்த ஒட்டுத் துண்டுக்குப் பேர் ரிலேட்டிவ் கிளாஸ்.

தமிழ் மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. தெலுங்கு, கன்னடம், ஜப்பானியம், கொரியன், துருக்கி எல்லாம் நம்ம கட்சிதான். அங்கேயும் விவரம் பெயருக்கு முன்னாடி வரும். அதனால டோக்கியோவுல ஒருத்தர் இதே மாதிரி கால்ல திணறிட்டு இருந்தா நீங்க ஆச்சரியப்படத் தேவையில்லை.

சரி, இதுக்கு வழி என்ன? கோட் எழுதுறவங்களுக்கு ஒரே வரியில சொல்றேன்: முதல்ல வேரியபிளை டிக்ளேர் பண்ணுங்க, அப்புறம் அதுக்குள்ள வேல்யூ போடுங்க. எந்தப் பொருளைப் பத்திப் பேசுறீங்களோ அந்தப் பெயரை முதல்ல வாயிலேர்ந்து வெளியே விட்டுடுங்க. "தி எரர்", "தி கை", "தி ஷாப்", "ஆன் ஆப்". அது வெளியே வந்துட்டா பாதி வேலை முடிஞ்சது. அப்புறம் நிதானமா "தட்" போட்டு விவரத்தைச் சேர்க்கலாம். நடுவுல ரெண்டு செகண்ட் யோசிச்சாக்கூட எதிர்ல இருக்கறவர் காத்திருப்பார். ஏன்னா எதைப் பத்திப் பேச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு.

கடையில செருப்பு பார்க்கறீங்க. "இதைவிட விலை கம்மியா இருக்கற ஜோடி இருக்கா?" இங்கிலீஷ்ல, "டூ யூ ஹேவ் எ பேர் தட்ஸ் சீப்பர்?" பஸ் ஸ்டாப்ல, "ஏர்போர்ட் போற பஸ் எங்க நிக்கும்?" இங்கிலீஷ்ல, "வேர் டஸ் தி பஸ் தட் கோஸ் டு தி ஏர்போர்ட் ஸ்டாப்?" வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சியோட ப்ராஜெக்ட்? "விவசாயிங்க காய்கறி விலையைப் பார்த்துக்கிறதுக்கு உதவுற ஒரு ஆப்." இங்கிலீஷ்ல, "ஐ பில்ட் ஆன் ஆப் தட் ஹெல்ப்ஸ் ஃபார்மர்ஸ் செக் வெஜிடபிள் பிரைசஸ்." பார்த்தீங்களா, முதல்ல "ஆன் ஆப்". மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது.

இது முதல் படி. அடுத்த சிக்கல் இன்னும் சுவாரஸ்யம். அதுக்கு நாம சுமார் 800 வருஷம் பின்னாடி போகணும்.

பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல பெயரெச்சத்துக்கு ஒரு விளக்கம் இருக்கு. ஒரு பெயரெச்சம் ஆறு வகைப் பெயரோட போய் முடியலாம்னு அவர் சொல்றார்: செய்யறவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படுற பொருள். நம்ம பேச்சுல வெச்சுப் பாருங்க. எழுதின பொண்ணு. எழுதின பேனா. எழுதின ரூம். எழுதின எழுத்து. எழுதின நேரம். எழுதின லெட்டர். ஆறுலயும் "எழுதின" மாறவே இல்ல. பேனா எழுதல, பேனாவால எழுதினாங்க. ரூமை எழுதல, ரூம்ல உட்கார்ந்து எழுதினாங்க. ஆனா இந்த "ஆல்", "ல" எதையும் நாம சொல்றதில்லை. கேக்கறவர் தானா புரிஞ்சுக்குவார். எவ்வளவு சிக்கனமான டிசைன் பாருங்க!

இங்கிலீஷ் அந்தச் சலுகை தராது. உறவு என்னன்னு வெளிப்படையா சொல்லச் சொல்லும். எழுதின பொண்ணு, "தி கேர்ள் ஹூ ரோட் இட்." எழுதின பேனா, "தி பென் ஷி ரோட் வித்." எழுதின ரூம், "தி ரூம் ஷி ரோட் இன்." கடைசியில ஒரு குட்டி "வித்", ஒரு குட்டி "இன்". நாம அடிக்கடி விடறது அந்த வாலைத்தான். "தி ஹோட்டல் ஐ ஸ்டேய்ட்"னு நிறுத்திடுவோம். "நான் தங்கின ஹோட்டல்"ல "ல" இல்லையே, அதனால இங்கேயும் விட்டுப் போகுது. சரியானது "தி ஹோட்டல் ஐ ஸ்டேய்ட் இன்." அதே மாதிரி "தி கை ஐ ஸ்போக் டு", "தி டீம் ஐ ஒர்க் வித்", "தி பஸ் ஐ கேம் ஆன்."

வால் வெச்சுச் சொல்றது தப்புன்னு உங்க டீச்சர் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சும் பழசு. 1672-லயே ஜான் ட்ரைடன்னு ஒரு இங்கிலீஷ் கவிஞர், பென் ஜான்சனோட எழுத்துல வாக்கியம் இப்படி முடியுதுன்னு குறை சொல்லியிருக்கார். ஆனா 350 வருஷமா ஜனங்க அப்படித்தான் பேசிட்டு இருக்காங்க. "தி கை டு ஹூம் ஐ ஸ்போக்" தப்பில்ல. கவர் லெட்டர்ல எழுதலாம். கேன்டீன்ல சொன்னா, கோட் சூட் போட்டு டீ குடிக்கிற மாதிரி இருக்கும்.

இப்ப ரெண்டு குட்டி ரூல், சீக்கிரம் முடிச்சுடறேன்.

ஒண்ணு: "தட்", "ஹூ" எல்லாத்தையும் எப்ப விடலாம்? அந்த வார்த்தைக்கு அடுத்து யார் வர்றாங்கன்னு பாருங்க. அடுத்து ஆள் வந்தா விடலாம். "தி கோட் தட் ஐ ரோட்"ல அடுத்து "ஐ" இருக்கு, அதனால "தி கோட் ஐ ரோட்" போதும். அடுத்து நேரா வினை வந்தா விடக்கூடாது. "தி கோட் தட் பிரோக் தி பில்ட்"ல "தட்" கண்டிப்பா வேணும். "வி ஹேவ் எ கை இன் அவர் டீம் நோஸ் பைத்தான்"னு நான் பல தடவை சொல்லியிருக்கேன். அதுல "ஹூ" காணாமப் போச்சு. "எ கை இன் அவர் டீம் ஹூ நோஸ் பைத்தான்."

ரெண்டு: சொன்னதையே திரும்பச் சொல்லாதீங்க. "தி டாக்குமெண்ட் விச் யூ சென்ட் இட்." அந்த "இட்" எதுக்கு? டாக்குமெண்டைத்தான் முதல்லயே சொல்லிட்டோமே. அந்த இடம் காலியா இருக்கணும். "தி டாக்குமெண்ட் யூ சென்ட்." முடிஞ்சது.

இதெல்லாம் தப்பாச் சொன்னாலும் எதிர்ல இருக்கறவர் பெரும்பாலும் புரிஞ்சுக்குவார். கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். ஆனா இப்ப சொல்லப்போறது அப்படி இல்ல. இது என்னை நிஜமாவே மாட்டிவிட்டது.

வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம். அப்ப எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வந்துடுச்சுன்னு ஒரு நினைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புற அவசரத்துல ஒரு டிக்கெட் எழுதினேன். வேற நாட்டுல உட்கார்ந்திருக்கற ஒரு டீம் மேட் அதைச் செய்யணும். நான் தமிழ்ல நினைச்சது: "இப்ப யூஸ்ல இல்லாத டெஸ்ட் அக்கவுண்டுகளை டெலீட் பண்ணிடுங்க." எழுதினது: "ப்ளீஸ் டெலீட் தி டெஸ்ட் அக்கவுண்ட்ஸ், விச் ஆர் நோ லாங்கர் இன் யூஸ்." நடுவுல ஒரு கமா. ஏன் போட்டேன்? மூச்சு விடற இடம் மாதிரி தோணுச்சு, போட்டேன்.

திங்கக்கிழமை காலையில வந்து பார்த்தா, டெஸ்டிங் டீம் மொத்தமும் என் டெஸ்கைச் சுத்தி நிக்குது. எல்லா டெஸ்ட் அக்கவுண்டும் போச்சு. யூஸ்ல இருந்தது, இல்லாதது, எல்லாம். திரும்ப உருவாக்க ரெண்டு நாள் ஆச்சு. எனக்கு முதல்ல வந்தது கோவம். அந்த டீம் மேட்டுக்கு மெசேஜ் போட்டேன், "யூஸ்ல இல்லாததை மட்டும்தானே சொன்னேன்?" அவர் என் வாக்கியத்தையே காப்பி பண்ணி அனுப்பினார். கீழே ஒரே ஒரு வரி: நீங்க எழுதினதைத்தான் செஞ்சேன்.

அவர் சொன்னது சரி. கமா இல்லாம "தி டெஸ்ட் அக்கவுண்ட்ஸ் விச் ஆர் நோ லாங்கர் இன் யூஸ்"னு எழுதினா, இருக்கற டெஸ்ட் அக்கவுண்டுல யூஸ்ல இல்லாததை மட்டும்னு அர்த்தம். அந்தத் துண்டு ஒரு ஃபில்டர். கமா போட்டுட்டா ஃபில்டர் போயிடும். "டெஸ்ட் அக்கவுண்டுகளை டெலீட் பண்ணுங்க, அப்புறம் ஒரு தகவல், அதெல்லாம் இப்ப யூஸ்ல இல்ல"ன்னு ஆயிடும். ஒரு கமா, கோட்ல வேர் கண்டிஷன் இல்லாம டெலீட் ரன் பண்ணின மாதிரி. டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு இப்ப வயித்தைக் கலக்கியிருக்கும்.

இது ஏன் நமக்குப் பிடிபடறதில்லைன்னு அப்புறம் யோசிச்சேன். "துபாய்ல இருக்கற என் அண்ணன் வர்றார்"னு தமிழ்ல சொல்றோம். எத்தனை அண்ணன்? ஒருத்தரா, மூணு பேரா? அந்த வாக்கியத்துல தெரியாது, தெரியவும் தேவையில்லை. இங்கிலீஷ்ல எழுதும்போது அது தெரிஞ்சாகணும். "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் துபாய்"னு கமா இல்லாம எழுதினா, வேற அண்ணன் தம்பியும் இருக்காங்க, அதுல துபாய்க்காரர்னு ஒரு தொனி வரும். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் துபாய், இஸ் கமிங்"னா ஒரே பிரதர், துபாய் சும்மா ஒரு கூடுதல் தகவல். பேசும்போது அந்தக் கமாதான் ஒரு சின்ன இடைவெளியா கேக்கும்.

ஒரு டெஸ்ட் சொல்றேன். அந்தத் துண்டைத் தூக்கிட்டு வாக்கியத்தைப் படிங்க. "ப்ளீஸ் டெலீட் தி டெஸ்ட் அக்கவுண்ட்ஸ்." இப்பவும் நீங்க நினைச்ச வேலைதான் நடக்குமா? நடக்கும்னா கமா போடுங்க. ஐயோன்னு தோணிச்சுன்னா கமா கூடாது. இன்னும் பாதுகாப்பா வேணும்னா, ஃபில்டர் பண்ற இடத்துல "தட்" போடுங்க. கமாவுக்கு அப்புறம் "தட்" ஒட்டாது, அதனால கமா போடவே கை வராது. இதை 1926-ல ஃபௌலர்னு ஒருத்தர் தன்னோட இங்கிலீஷ் பயன்பாட்டு அகராதியில யோசனையாச் சொன்னார்: ஃபில்டருக்கு "தட்", கூடுதல் தகவலுக்கு "விச்". எல்லாரும் அப்படி எழுதறதில்லைன்னு அவரே ஒத்துக்கிட்டார். பிரிட்டிஷ்காரங்க ஃபில்டருக்கும் "விச்" தாராளமாப் போடுவாங்க. அதனால இது சட்டம் இல்ல. எனக்கு இது சீட் பெல்ட். அந்தத் திங்கக்கிழமைக்கு அப்புறம் டிக்கெட்ல ஃபில்டர் எழுதும்போது "தட்" தவிர வேற எதுவும் போடறதில்லை.

கமா போட்ட "விச்"ல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. அது ஒரு பெயரை மட்டும் இல்ல, முன்னாடி சொன்ன முழு விஷயத்தையும் பிடிச்சுக்கும். "தி லிஃப்ட் வாஸ் நாட் ஒர்க்கிங், விச் இஸ் வொய் ஐ ஆம் லேட்." நம்ம "அதனாலதான்". "ஷி ரிப்ளைட் இன் டூ மினிட்ஸ், விச் வாஸ் நைஸ்." இது நமக்கு ரொம்பச் சுலபம். ஏன்னா இங்க தலைகீழ் எதுவும் இல்ல. ஒரு விஷயம் சொல்றோம், அப்புறம் அதைப் பத்திக் கருத்து சொல்றோம். தமிழ் வரிசையும் அதேதான். நீளமா பேசணும்னு ஆசைப்படறவங்க இதுலேர்ந்து ஆரம்பிங்க.

கடைசியா ஒண்ணு. எல்லா வாக்கியத்தையும் இப்படி நீட்டணும்னு அவசியம் இல்ல. ஒரு வாக்கியத்துல மூணு "விச்" வந்தா கேக்கறவருக்கும் மூச்சு முட்டும். "ஐ பில்ட் ஆன் ஆப். இட் ஹெல்ப்ஸ் ஃபார்மர்ஸ்." இதுவும் நல்ல இங்கிலீஷ்தான். பயத்துல உடைக்காதீங்க, தெளிவுக்காக உடைங்க. வித்தியாசம் அதுதான்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்னப் பயிற்சி. தினமும் தமிழ்ல நீங்க சொல்ற ஒரு பெயரெச்ச வாக்கியத்தைப் பிடிங்க. "நேத்து வாங்கின சார்ஜர் வேலை செய்யல" மாதிரி. அதுல பெயர் எதுன்னு பாருங்க. சார்ஜர். அதை முதல்ல சொல்லுங்க: "தி சார்ஜர்..." நிறுத்துங்க. "...ஐ பாட் யெஸ்டர்டே..." நிறுத்துங்க. "...இஸ் நாட் ஒர்க்கிங்." நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, வேகம் தானா வரும். எனக்கு ஆறு மாசம் ஆச்சு. கால் பண்ற மாதிரி போனைக் காதுல வெச்சுட்டு மொட்டை மாடியில தனியாப் பேசிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, தம்பிக்கு லவ்வுன்னு எங்கம்மாகிட்ட போட்டுக் குடுத்துட்டாங்க.

வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சி, உங்களுக்குத்தான். தமிழ்ல ஒரே மூச்சுல அந்த வாக்கியத்தைச் சொல்றீங்க இல்லையா? ஆறு துண்டையும் மனசுல அடுக்கி வெச்சு, கடைசியில பெயரைச் சொல்லி முடிச்சு வெக்கறீங்க. அது சாதாரண வேலை இல்ல. அதைச் செய்யற மூளைக்கு அதே ஆறைத் திருப்பி அடுக்கவும் வரும். அடுத்த இன்டர்வியூவுல முதல்ல "ஆன் ஆப்"னு சொல்லிட்டு, ஒரு மூச்சு எடுத்துக்கங்க. அவங்க காத்திருப்பாங்க.

என்ன ஆச்சுன்னு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்களும், உங்களை மாட்டிவிட்ட வாக்கியம் ஏதாவது இருந்தா அனுப்புங்க, சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம். அடுத்த வாரம் சந்திக்கலாம். டேக் கேர், மக்களே!